நன்னூலாசிரியர் பவணந்தி முனிவர்

பள்ளியில் தமிழ் பயின்ற எவரும், பெயர் அறியாமலேனும், பவணந்தி முனிவரிடம் பாடம் கேட்டவரே ஆவர். வந்தனன் என்னும் சொல்லை வா, த், த், அன், அன் எனப் பகுத்து, பகுதி, சந்தி, இடைநிலை, சாரியை, விகுதி எனப் பெயரிட்டு, வா என்பது வ எனக் குறுகியதும் சந்தித் தகரம் நகரம் ஆனதும் விகாரம் என்று தேர்வில் எழுதாத மாணவர் அரியர். சிவகாசி அச்சகங்களிலிருந்து இந்நாளில் கட்டுக் கட்டாக வெளிவரும் இலக்கணப் பாடநூல்களிலும் அப்பகுப்பே நிற்கிறது. அதனைப் பதவியல் என்னும் தனி இயலாக வகுத்தவர் அருகன் அடி தொழுத இத்துறவி. தொல்காப்பியத்தில் அத்தகைய இயல் இல்லை.

முனிவரின் வாழ்க்கையைப் பற்றி அறிய நமக்குள்ள முதற் சான்று நன்னூலின் சிறப்புப் பாயிரமே. சனகை என்னும் ஊரினர், சன்மதி முனிவரின் அருளால் வந்தவர் என்று அது கூறும். சன்மதி முனிவர் அவருக்குத் தந்தை என்பாரும் ஆசிரியர் என்பாரும் உளர். பெருந்துறையை அடுத்த சீனாபுரமே அச்சனகை என்று கொங்கு நாட்டார் போற்றுவர். மைசூர்ப் பகுதியில் தேடுவாரும் உண்டு. காலம் பற்றி அத்துணை ஐயம் இல்லை. நூலை இயற்றுமாறு வேண்டியவன் அமராபரணன் என்னும் பட்டம் பூண்ட சீயகங்கன். கங்கர் குடியில் வந்த இக்குறுநில மன்னன், 1178 முதல் 1218 வரை ஆண்ட மூன்றாம் குலோத்துங்க சோழனுக்கு அடங்கியவன். ஆகவே முனிவர் வாழ்ந்து ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் ஆகின்றன.

அவருடைய பெயரே ஒரு மொழி வரலாறு. நந்தி என்றவுடன் சிவன் கோயில் விடையை நினைப்பது பெருவழக்கு. சமண மரபிலோ அது மகிழ்ச்சி, ஆக்கம் எனப் பொருள்படும். முனிவர் பலர் தம் பெயரின் ஈற்றில் தாங்கிய சொல்லும் அதுவே. மதுரையைச் சூழ்ந்த ஆனைமலையிலும் அழகர்மலையிலும், மேற்கே உத்தமபாளையத்திலும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ள பெயர் அச்சணந்தி. சிவகாசிக்குத் தெற்கே கழுகுமலையிலும் நந்தி என முடியும் பெயர்கள் பல உள. விருதுநகர் மாவட்டத்தில் அருப்புக்கோட்டையை அடுத்த குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் பெரும்பள்ளி இருந்தது. அக்குறண்டி முனிவரின் மாணாக்கர் பெயர்கள் மதுரைச் சமணர்மலைக் கல்வெட்டுகளில் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. முனிவர்கள் ஊர் விட்டு ஊர் நடந்தனர். பெயர்களும் உடன் நடந்தன.

அச்சணந்தி, வச்சணந்தி, பவணந்தி என்னும் மூன்றையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஒன்று புலப்படும். மூன்றிலும் நகரம் நிற்க வேண்டிய இடத்தில் ணகரம் நிற்கிறது. பிராகிருதத்தில் நகரம் ணகரமாவது பெருவழக்கு. ஆரிய என்பது அஜ்ஜ ஆகித் தமிழில் அச்ச ஆனது. வஜ்ர என்பது வஜ்ஜ ஆகி வச்ச ஆனது. ஆகமங்களின் மொழியாகிய பிராகிருதத்தின் வழியே இப்பெயர்கள் தமிழை அடைந்தன என்பதற்கு அவ்வெழுத்துகளே சான்று.

இத்தகைய பெயரைத் தாங்கியவர், வடசொல் தமிழில் எவ்வாறு வரவேண்டும் என்பதற்கும் தம் பதவியலில் விதி வகுத்தார். வருக்கத்தின் இடையில் நிற்கும் மூன்று எழுத்துகளும் அவ்வவ் வருக்கத்தின் முதலெழுத்தாகும் என்பது அவற்றுள் ஒன்று. வடமொழியில் நான்காம் பகரத்தோடு தொடங்கும் பவம் என்னும் சொல் தமிழ்ப் பகரம் பெற்றதும் அவ்விதியின்படியே. பிறமொழிச் சொல்லை முனிவர் விலக்கவில்லை. வந்ததை வந்தபடி விடவும் இல்லை. தமிழ் ஓசைக்கு அடங்கி வரும் சொல்லுக்கு வாயில் திறந்து வைத்தார். பழையன போவதும் புதியன வருவதும் காலத்தின் இயல்பு என்று நூலை முடித்தவருக்கு இஃது ஏற்றதே.

பாயிரம் 55 நூற்பா, எழுத்ததிகாரம் 202, சொல்லதிகாரம் 205, ஆக 462. ஐந்திலக்கணத்தையும் மன்னன் வேண்டினான் என்று பாயிரம் கூறினும் நமக்குக் கிடைத்தவை இரண்டே. பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என வகைப்படுத்தும் பகுதி சுவை மிக்கது. நெய்யைக் கீழே விட்டுக் கசடைத் தன்பால் நிறுத்திக்கொள்ளும் நெய்யரியை இன்றைய வகுப்பறையிலும் காணலாம்.

சமயத்தை முனிவர் இரு வாழ்த்துகளில் மட்டும் வைத்தார். எழுத்ததிகாரத்தின் தொடக்கத்தில் அசோக மரத்தடியில் அமர்ந்த நான்முகனையும், சொல்லதிகாரத்தின் தொடக்கத்தில் முக்குடையின் கீழ் உள்ள அச்சுதனையும் வணங்குகிறார். பிறர் இவற்றைப் பிரமன், திருமால் எனக் கருதக்கூடும். சமவசரணத்தில் நாற்புறமும் திருமுகம் தோன்ற வீற்றிருக்கும் அருகனை அறிந்த சமணர்க்கு ஐயம் எழாது. மற்ற நூற்பாக்கள் யாவும் மொழிக்கே உரியன.

அதனாற்றான் போலும், நூலைப் பிறரும் தம்முடையதாகக் கொண்டனர். சிந்தாமணி முதலியவற்றைப் பயில்வது வாழ்நாளை வீணாக்குவது என்று எழுதியவர் சைவத் துறவியாகிய சுவாமிநாத தேசிகர். அவருடைய மாணவர் சங்கர நமச்சிவாயரே நன்னூலுக்கு விரிவான உரை கண்டார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அதனைத் திருத்தினார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அச்சேற்றினார். சமண முனிவரின் நூல் சைவ மடங்களில் பாடமாகி வாழ்ந்தது. அந்நன்றியை மறத்தல் கூடாது.

ஆயினும் அதில் ஓர் இழப்பும் இருந்தது. நன்னூலுக்குக் கிடைத்துள்ள உரைகளில் பழமையானது சமணராகிய மயிலைநாதர் இயற்றியது. மறைந்துபோன நூல்கள் சிலவற்றின் பெயர்களை நமக்குக் காத்துத் தந்ததும் அதுவே. பிற்கால உரைகள் பரவிய பின் அது வழக்கொழிந்து ஏட்டுச்சுவடிகளில் ஒதுங்கியது. சிந்தாமணியைப் பதிப்பிக்கையில் கும்பகோணத்துச் சமணரிடம் ஐயம் தீர்த்துக்கொண்ட உ. வே. சாமிநாதையரே 1918-இல் மயிலைநாதர் உரையையும் வெளியிட்டார். மயிலைநாதர் என்பது மயிலாப்பூரில் அந்நாள் வீற்றிருந்த நேமிநாதரின் பெயர் என்பர். கடற்கரையில் இருந்த அக்கோயில் இன்று இல்லை. அங்கிருந்து கொணர்ந்ததாக வழிவழியாகச் சொல்லப்படும் நேமிநாதர் திருவுருவம் மேல்சித்தாமூரில் வழிபடப்பெறுகிறது.