கல்பிட்டி தந்த காசிச்செட்டியார்

உப்பளமும் கடலேரியும் சூழ்ந்த புத்தளக் கரையிலே, கல்பிட்டியில் 1807 ஆம் ஆண்டு தோன்றியவர் சைமன் காசிச்செட்டியார். புத்தளத்து மணியகாரராய்ப் பணியாற்றிய அவர், தமக்குத் தாய்மொழியல்லாத ஆங்கிலத்திலே, இலங்கையின் ஊர்களையும் குடிகளையும் விளக்கும் சிலோன் கசற்றியர் என்னும் பெருநூலை 1834 இல் வெளியிட்டார். அப்போது அவர்க்கு வயது 27. 1838 இல் சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாயினார்; 1845 இல் சிவில் சேவையிற் சேர்ந்து, சிலாபத்தில் நீதிபதியாய் அமர்ந்தார். கிறிஸ்தவராயினும், திருவள்ளுவர், ஔவையார், கம்பர் முதலிய புலவர் சரிதங்களை ஆங்கிலத்திலே தொகுத்து, தமிழ் புளூட்டார்க் என 1859 இல் யாழ்ப்பாணத்தில் அச்சேற்றினார். மறு ஆண்டே மறைந்தார்.

கேட்டும் படித்தும் விளங்கிக்கொள்ளுதல் மட்டும் போதாது. தாமே பொருள்படப் பேசவும் எழுதவும் முயலும்போதே இரண்டாம் மொழி திருத்தமுறும் எனக் கனடாவின் மெரில் சுவெயின், பிரெஞ்சு வழிக் கல்வி பெற்ற மாணவரை ஆராய்ந்து 1985 இல் எடுத்துரைத்தார். செட்டியாரின் வாழ்வு அதற்கொரு சான்று போலும். ஆங்கிலத்திற் சொல்ல அவரிடம் தம் நாடும் தமிழும் இருந்தன. நாமோ, பிறர் ஊர்க் கதைகளையே கொடுத்து மாணவரை ஒப்புவிக்கச் செய்கின்றோம். தத்தம் ஊரின் உப்பளத்தையும் மீன்வாடியையும் பற்றி ஆங்கிலத்தில் எழுதப் பணிப்போமாயின், தொடக்கத்திற் பிழை மலியினும் மொழி வளரும். ஆங்கிலம் வந்தால் தமிழ் போய்விடுமென அஞ்சுவோர்க்கும் கல்பிட்டி விடை பகர்கின்றது.