மெடிக்கல் சீட்டை விட்ட ஆச்செபே

முதல் வருஷமே பிராஞ்ச் மாத்தணும்னு புலம்பின ஆளா நீங்க? அப்போ சினுவா ஆச்செபேயை உங்களுக்குப் பிடிக்கும். 1948-ல நைஜீரியாவின் இபடான்ல ஸ்காலர்ஷிப்போட கிடைச்ச மருத்துவப் படிப்பை, ஒரு வருஷத்துல விட்டுட்டு இலக்கியத்துக்கு மாறினவர். ஸ்காலர்ஷிப் போச்சு. அண்ணனும் கைக்காசு போட்டுத்தான் படிப்பு ஓடியது.

பிறந்தது 1930-ல், ஓகிடி என்ற ஊரில். ஞானஸ்நானப் பெயர் ஆல்பர்ட். கல்லூரியில் அதைக் கழற்றிவிட்டார். அப்பா உபதேசியார், வீட்டில் எப்பவும் பைபிள். பக்கத்து வீடுகளிலோ இக்போ மக்களின் பழைய தெய்வங்கள். அப்பாவை வளர்த்த பெரியவர் கடைசிவரை மதம் மாறலை. ஆனா ஊருக்கு வந்த மிஷனரிகளுக்கு முற்றத்தில் இடம் கொடுத்தவரே அவர்தான்! பாட்டு ஒப்பாரி மாதிரி இருக்கு, நான் செத்துட்டேன்னு ஊர் நினைச்சுக்கும்னு பிறகு அனுப்பி வச்சாராம். சண்டையே இல்லாம முடிஞ்ச மதப் பிரச்சினை!

அப்படியொரு வீட்டில் வளர்ந்தவர், 1958-ல் வந்த முதல் நாவலில் (தமிழில் 'சிதைவுகள்') இரண்டு பக்க வெறியையும் விட்டு வைக்கலை. தன்னை அப்பான்னு கூப்பிட்ட பையனை ஒகோன்க்வோ தானே வெட்டுறான். தெய்வ வாக்குதான், ஆனா நீ இதில் கை வைக்காதேன்னு ஒரு பெரியவர் முன்னாடியே சொல்லியிருந்தார். கோழைன்னு சொல்லிடுவாங்களோங்கிற பயம். காட்டில் வீசப்பட்ட இரட்டைக் குழந்தைகளின் அழுகையும் இந்தக் கொலையும் மனசை அறுக்க, அவன் மகன் ந்வோயே சர்ச்சுக்குப் போறான்.

அங்கே மட்டும்? பொறுமையான பிரவுன் பாதிரியார் போய் ஸ்மித் வர்றார். அவர் கொடுத்த தைரியத்தில் ஈனாக், முன்னோர் ஆவியா வேஷம் கட்டியவரின் முகமூடியைப் பிடுங்குறான். ஊர் சர்ச்சைக் கொளுத்துது. இந்த ஈனாக் யாருன்னு நினைக்கிறீங்க? பாம்பு வழிபாட்டுப் பூசாரியின் மகன்!

1967-ல் பியாஃப்ரா போர், 1990 விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலி, 2013-ல் அமெரிக்காவில் மரணம். ஆனா நீங்க படிக்க வேண்டியது, என்னைக் கேட்டால், 1964-ல் வந்த 'ஆரோ ஆஃப் காட்'. பூசாரி எசெயுலு பிறைக்கு ஒண்ணா புனிதக் கிழங்கைத் தின்று முடிச்சாத்தான் ஊர் அறுவடை செய்யலாம். வெள்ளைக்காரன் அவரைச் சிறை வைக்க, கிழங்கு மிச்சமாகுது. திரும்பி வந்தவர் கணக்கை விட மறுக்கிறார். வயலில் கிழங்கு அழுகுது. சர்ச்சுக்குக் காணிக்கை வச்சுட்டு அறுவடை பண்ணிக்கோங்கன்னு உபதேசியார் சொல்றார். பசியில இருந்த ஊர், கிழங்கோட அந்தப் பக்கம் நடக்க ஆரம்பிக்குது.