தங்கையின் துயரில் எழுந்த மருத்துவமனை

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தனர். புலவர்களையும் புரவலர்களையும் நாட்டுத் தலைவர்களையும் பற்றி எழுத நம்முள் புலமை மிக்க அன்பர்கள் பலர் உளர். பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில் நிலையத்துப் பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னே காலங்கழிக்கும் யாம், அச்சாளரத்தின் முன் அடிக்கடி காணும் ஒரு காட்சியைக் கொண்டே எம் கதைத் தலைவியைத் தேர்ந்துகொண்டோம்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறச் செல்வோர்க்கு இரயில்வே நிர்வாகம் சலுகை தருகிறது. படுக்கை வசதியுள்ள சாதாரண வகுப்பில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. துணைக்குச் செல்பவர் கால் பங்கு கொடுத்தாற் போதும். மருத்துவமனையார் கையொப்பமும் முத்திரையும் இட்ட படிவம் ஒன்றைச் சாளரத்தில் தரவேண்டும். நம் ஊர் ஓசூர் சாலையிலுள்ள கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையத்திற்கு வந்து திரும்புவோரும், இங்கிருந்து சென்னை அடையாற்றுக்குச் செல்வோரும் அப்படிவத்தோடு வருவர். உரிமையோடு நீட்டவேண்டிய தாளை அவர்கள் நான்காக மடித்து, களவுப் பொருளைக் கைமாற்றுவது போல நீட்டுவர். வரிசையில் பின்னால் நிற்பவர் காதில் விழாதவாறு மெல்லப் பேசுவர். நோயாளி பெண்ணாயிருந்தால் பேசுவதும் கணவரே. அம்மையார் தூணோரம் தலைகவிழ்ந்து நிற்பார். இந்நோயை வெளியிற் சொல்லக் கூசும் இக்கூச்சத்தோடு ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் போராடிய பெருமாட்டி ஒருவர் உண்டு. அவர்தாம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் கல்வித் துறையில் பெயர் பெற்றவர். அவ்வூர் மகாராஜா கல்லூரியின் தலைவராயிருந்தவர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். அக்காலத்தில் அக்குலத்துப் பெண்களுக்குச் சமூகம் விதித்திருந்த வாழ்வு எத்தகையது என்பதை நம் மூத்தோர் அறிவர். அத்தகைய குடும்பத்தில் பிறந்த சிறுமி வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேறி, ஆடவர் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் இடம் கேட்டபோது எழுந்த எதிர்ப்புக்குக் குறைவில்லை. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் ஆதரவால் இடம் கிடைத்தது.

1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து 1912இல் சிறப்புடன் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதித்தல் வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்றல் கூடாது என்னும் நிபந்தனைகளின் பேரிலேயே மணத்திற்கு இசைந்தார் என்பர். டாக்டர் ரெட்டியும் சொன்ன சொல் காத்தார்.

இனி, அம்மையாரின் வாழ்வைத் திருப்பிய துயரத்திற்கு வருவோம். 1920களின் தொடக்கத்தில் அவருடைய இளைய சகோதரி நோயுற்றார். வயிற்றுக் கோளாறு, சீதபேதி என்றே முதலில் கருதி மருந்து கொடுத்து வந்தனர். நாட்கள் கடந்தன, மாதங்கள் கடந்தன. உண்மையில் அது மலக்குடலில் தோன்றிய புற்று எனத் தெரிந்தபோது செய்வதற்கு ஏதும் இருக்கவில்லை. தமக்கை மருத்துவர், மைத்துனரும் மருத்துவர், தலைநகரிலேயே வாசம். வசதிகள் யாவும் இருந்தும் தங்கை தம் கண்ணெதிரே வலியால் துடித்து மாள்வதைப் பார்த்திருப்பதன்றி அம்மையாரால் வேறொன்றும் செய்யக் கூடவில்லை. மருத்துவர் வீட்டிலேயே இக்கதியானால், வைத்தியர் முகத்தையே காணாத கிராமத்துப் பெண்ணின் கதி என்ன? இக்கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை.

1925இல் அரசாங்க உதவிச் சம்பளம் பெற்று, மகளிர் நோய்களைப் பற்றி மேலும் பயில லண்டன் சென்றார். அங்கே புற்றுநோய்க்கென்றே அமைந்த ராயல் கான்ஸர் மருத்துவமனையைக் கண்டார். நம் நாட்டில் தலைவிதி என்று கைவிடப்பட்டவர்களுக்கு அங்கே அறுவைச் சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் நடந்தன. குணமாகி வீடு திரும்புவோரும் இருந்தனர். இத்தகையதொன்று சென்னையிலும் எழவேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது அங்கேதான்.

தாயகம் திரும்பியதும் வேறு பணிகள் அவரைப் பற்றிக்கொண்டன. அவற்றை ஈண்டு விரித்தெழுத இடமில்லை. மேடைகளில் பலகாற் கேட்டவையுங்கூட. சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். தேவதாசி முறையை ஒழிக்கத் தீர்மானம் கொணர்ந்தார். அது முழுச் சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காந்தியடிகளைச் சிறைப்படுத்தியதைக் கண்டித்து 1930இல் பதவியைத் துறந்தார். புகலற்று வந்த சிறுமியர்க்காக ஒளவை இல்லத்தைத் தோற்றுவித்தார். இன்று தமிழ்நாட்டில் ஏழைத் தாய்மாருக்கு அரசு வழங்கும் மகப்பேறு உதவித் திட்டம் அவர் பெயரால் வழங்குகிறது. ஊரிலுள்ள நம் உறவினர் பலர் அப்பெயரை அறிந்தது அத்திட்டத்தின் வாயிலாகத்தான்.

புற்றுநோய் மருத்துவமனை வேண்டுமென்பதை அம்மையார் மறக்கவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அதனை எடுத்துரைத்தார். கேட்டவர் பாராட்டினர்; காரியம் நடக்கவில்லை. பின்னர் உலகப் போர் வந்தது, விடுதலை வந்தது. அம்மையாருக்கும் வயது அறுபதைக் கடந்தது. பேத்திகளோடு விளையாடி ஓய்ந்திருக்க வேண்டிய அவ்வயதில் அவர் உண்டியல் தூக்கப் புறப்பட்டார்.

இந்திய மாதர் சங்கம் 1917இல் அடையாற்றில் தோன்றியது. அச்சங்கத்தின் சார்பில் 1949இல் புற்றுநோய் நிவாரண நிதி ஒன்று தொடங்கப்பெற்றது. அரசாங்கத்தாரை அணுகியபோது ஊக்கம் கிட்டவில்லை. இந்நோய் கண்டவர் எப்படியும் மாளப்போகிறவர்தாமே, அவர்களுக்கென ஒரு மருத்துவமனை எதற்கு என்னும் கேள்வியே அவர்தம் காதில் விழுந்ததாம். படித்தோரும் பதவியில் இருந்தோரும் அப்படி எண்ணிய காலம் அது. அன்று நிதி திரட்ட வீடு வீடாகச் சென்ற மாதர், பணத்தை மட்டுமா கேட்டிருப்பர்? கதவு திறந்த ஒவ்வோர் இல்லத்திலும் புற்றுநோய் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அது குணமாகக் கூடியது என்றும் சொல்லியாக வேண்டும். நிதியோடு செய்தியும் சேர்ந்தே பரவியிருக்கும் என்பது எம் எண்ணம்.

1952 அக்டோபர் 10ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18ஆம் நாள் அடையாற்றில் மருத்துவமனை தொடங்கியது. மாளிகையென எண்ணற்க, 12 படுக்கைகளே கொண்ட குடில் அது. அம்மையாருக்கு அப்போது 68ஆம் வயது நடந்துகொண்டிருந்தது. வெளிநாடு சென்று புற்றுநோய் மருத்துவம் பயின்று வந்த அவருடைய திருமகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி சிகிச்சைப் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு, அரசாங்க வேலையை விரும்பாமல், டாக்டர் சாந்தா என்னும் இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். கிருஷ்ணமூர்த்தி 2010இலும் சாந்தா 2021இலும் மறைந்தனர். மறையும் வரை இருவருக்கும் அந்நிலையமே வாழ்வாயிருந்தது. 12 படுக்கைகள் இன்று ஐந்நூறுக்கும் மேலாய்ப் பெருகியுள்ளன. பணமில்லை என்பதற்காக எவரையும் திருப்பி அனுப்பலாகாது என்று அம்மையார் வகுத்த நெறியால், ஏழைகள் கட்டணமின்றியோ குறைந்த கட்டணத்திலோ அங்குச் சிகிச்சை பெறுகின்றனர்.

எம் குடும்பக் கதையொன்றை இங்குச் சொல்லாமற் போனால் இக்கட்டுரை எழுத எமக்கு உரிமையில்லை. அரக்கோணத்துக்கு அருகே வாழ்ந்தவர் எம் அத்தை. தந்தையாரின் மூத்த சகோதரி. மார்பில் பயறளவு கட்டி ஒன்று தென்பட்டது. வலி இல்லை. வலி இல்லாதது நோயாகுமா என்றிருந்தார். பெற்ற மகனிடம் எப்படிச் சொல்வது என்று கூசினார். மருமகளிடம் சொன்னால் ஊர் முழுவதும் தெரியும் என்று அஞ்சினார். மஞ்சளையும் ஏதோ பச்சிலையையும் அரைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டே ஓராண்டுக்கு மேல் மறைத்துவிட்டார். புண் வெடித்து, துணியில் கறை கண்ட பின்னரே வீட்டாருக்குத் தெரிந்தது. அடையாற்றுக்கு அழைத்துச் சென்றோம். அங்குள்ளோர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. கட்டி எப்போது தோன்றியது என்று மட்டும் கேட்டார்கள். அதற்கு விடை சொல்ல எங்களுள் ஒருவராலும் முடியவில்லை. அத்தை பதினெட்டு மாதங்கள் இருந்தார். முன்னே சொன்ன சலுகைப் படிவத்தை யாம் முதன்முதல் கையில் வாங்கிப் பார்த்தது அப்போதுதான். அந்நாளில் எமக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை, இரயில்வேயிலும் சேரவில்லை.

அம்மையாரின் தங்கைக்கு நேர்ந்ததும் எம் அத்தைக்கு நேர்ந்ததும் காலதாமதம்தான். ஒன்று மருத்துவம் வளராத காலத்துத் தாமதம். மற்றது மருத்துவம் வளர்ந்து, மருத்துவமனையும் எழுந்து, இரண்டு மணி நேர இரயில் பயணத்தில் அது இருந்தும் நாங்களே ஏற்படுத்திக்கொண்ட தாமதம். முன்னதை மன்னிக்கலாம்.

அம்மையார் 1968 ஜூலை 22ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். நோயாளி மருத்துவமனையைத் தேடி வரும்வரை காத்திராமல் மருத்துவம் மக்களைத் தேடிச் செல்லவேண்டும் என்னும் முயற்சி அவருக்குப் பின் வளர்ந்தது. 1982இல் சென்னை, பெங்களூர் ஆகிய இரு நகரங்களில், எவரெவர்க்கு எவ்வகைப் புற்று வருகிறது எனக் கணக்கெடுக்கும் பதிவேடுகள் தொடங்கப்பெற்றன. சென்னையில் அடையாறு நிலையமும் நம் ஊரில் கித்வாய் நிலையமும் அப்பணியை ஏற்றன. தொடக்கத்தில் இவ்விரு நகரங்களிலும் மகளிரிடையே கருப்பைவாய்ப் புற்றே முதலிடம் பெற்றிருந்தது. பின்னர் மார்பகப் புற்று அதனை முந்திவிட்டது. கணக்கு எழுதுபவன் என்ற முறையில் இப்பதிவேடுகளின் மீது எமக்கு ஒரு தனி மதிப்பு. எங்கே நோய் மிகுதி என்று தெரியாமல் எங்கே செல்வது?

திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்ததையும் நம் மாதர் அறிதல் நலம். அம்பிளிக்கை என்னும் ஊரிலுள்ள கிறிஸ்தவ மருத்துவ நிலையத்தார், அடையாறு நிலையத்தாரும் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் துணை நிற்க, 2000 முதல் 2003 வரை 30 வயதுக்கும் 59 வயதுக்கும் இடைப்பட்ட கிராமத்துப் பெண்களைச் சோதித்தனர். பெரிய கருவி ஏதும் இல்லை. பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பையின் வாயில் நீர்த்த அசெடிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்திட்டுத் தோன்றுகிறதா எனப் பார்த்தனர். வினிகரில் உள்ள புளிப்பும் இதே அமிலந்தான். திட்டுக் கண்டவர்க்கு உடனே சிகிச்சை அளித்தனர். 30,000க்கு மேற்பட்ட பெண்கள் முன்வந்தனர். ஒரே ஒரு முறை செய்த இச்சோதனையால், சோதனை நடவாத ஊர்களைவிட அங்கே கருப்பைவாய்ப் புற்றால் நேரும் மரணம் நூற்றுக்கு 35 வீதம் குறைந்தது என 2007இல் அறிவித்தனர். கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள் கூச்சத்தை விட்டு வந்தார்கள். படித்தவர் நிறைந்த நம் குடியிருப்பில் எத்தனை பேர் இச்சோதனை செய்துகொண்டிருக்கிறோம்?

இன்று 30 வயது கடந்தவர்க்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையும் சோதிக்கும் திட்டம் அரசு சுகாதார நிலையங்களில் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான கிருமியைத் தடுக்கும் ஊசியும் உண்டு. 9 முதல் 14 வயதுக்குட்பட்ட சிறுமியர்க்கு அதனைப் போடுதல் சிறந்த பயன் தரும். ஆடவர்க்கும் ஒரு சொல்: வாய்ப் புற்றுக்கு வேர் புகையிலை. வெற்றிலையோடு மெல்வதும் பொட்டலமாக வாங்கி உதட்டுக்குள் அடக்குவதும் ஒன்றே. எம் அலுவலகத்துச் சுவர் மூலைகளின் செந்நிறத்தைக் கண்டு யாம் வருந்துவது சுவருக்காக மட்டுமன்று.

நம் குடியிருப்பில் முதியோர் பலர் ஊரிலிருந்து பிள்ளைகளோடு வந்து தங்கியவர்கள். அவர்களுக்குக் கன்னடம் வராது. மருத்துவமனையில் எந்த வாயிலில் நிற்பது, எந்தச் சீட்டை எங்கே கொடுப்பது என்பதும் தெரியாது. பிள்ளைகளுக்கோ விடுப்புக் கிடைப்பதில்லை. மொழியறியாத ஊரில் மார்பின் கட்டியைப் பற்றி யாரிடம் சொல்வார் ஒரு மூதாட்டி? ஆகவே சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுக்கொரு நாள் நம் மன்றத்தில் பெண் மருத்துவர் ஒருவரையும் செவிலியர் இருவரையும் வரவழைத்துச் சோதனை நடத்தலாம். மறைவுக்குத் திரை கட்டிவிடுவோம். அடுத்துச் சென்று காட்டவேண்டும் எனப்பட்டவர்களுடன், இரு மொழியும் அறிந்த நம் மாதர் குழுவினர் முறை வைத்துத் துணையாகச் செல்லலாம். அன்று மேசை நாற்காலி சுமக்க யாம் வருகிறோம்.

சலுகைப் படிவம் பற்றி ஐயமுள்ளவர் எம் வீட்டுக் கதவைத் தட்டலாம். எமக்கு ஓய்வு நாள் ஞாயிறு. மற்ற நாட்களில் இரவு எட்டு மணிக்கு மேல் இருப்போம். தாளை மடிக்காமல் கொண்டு வரவும்.