திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன்

கல்விச்சாலையின் கதவு திறந்திருப்பது வேறு. அதனுள் புகும் பிள்ளை அச்சமின்றி இருப்பது வேறு. இவ்வேற்றுமையைத் தம் இளமையிலேயே உணர்ந்தவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் ஆவார்.

செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கோழியாளம் என்னும் சிற்றூரில், தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் அவர் பிறந்தார். பின்னர்க் கோயமுத்தூர்க் கலாசாலையில் பயின்றார். அங்கிருந்த ஏறக்குறைய 400 மாணாக்கருள் பதின்மர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். அவருக்கு அங்கே இடம் கிடைத்தது, பாடமும் கிடைத்தது. ஆயினும், பிறரோடு பழகினால் ஊர் யாது, உறவினர் யாவர் என்னும் வினாக்கள் எழும்; விடையினின்று குலம் வெளிப்படும்; வெளிப்படின் இழிவு நேரும் என்று அவர் அஞ்சினார். அதனால் விளையாட்டையே துறந்தார். பள்ளிக்குத் தொலைவில் அமர்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். வகுப்புக் கலைந்ததும் பிற மாணாக்கர் தம்மை எட்டாதபடி விரைந்து நடந்து வீடு சேர்வார். 1939ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் ஜீவிய சரித்திரச் சுருக்கத்தில் அவரே இச்செய்தியைக் கூறியுள்ளார்.

இங்ஙனம் குலத்தை மறைத்து வாழ்ந்த அச்சிறுவரே, 1893ஆம் ஆண்டில் சென்னையில் பத்திரிகை தொடங்கியபோது அதற்குப் பறையன் என்று பெயரிட்டார். எப்பெயர் வெளிப்படுமோ என்று அஞ்சினாரோ, அப்பெயரையே முகப்பிற் பொறித்து ஊரறியச் செய்தார். 1923ஆம் ஆண்டில் சென்னைச் சட்டசபை அங்கத்தினரானார். பொது வீதிகளும் கிணறுகளும் குளங்களும் எல்லார்க்கும் உரியன என்று 1924ஆம் ஆண்டில் அவர் கொணர்ந்த தீர்மானம் நிறைவேறியது. 1930ஆம் ஆண்டில் அம்பேத்காருடன் இலண்டன் வட்டமேஜை மகாநாட்டிற்குச் சென்றார். 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் காலமானார்.

தீர்மானம் வீதியைத் திறக்கும், கிணற்றைத் திறக்கும். தனித்து நிற்கும் பிள்ளையை விளையாட்டிற் சேர்த்துக்கொள்ளச் செய்ய அதனால் இயலுமோ? ஊர் எது, யார் வீட்டுப் பிள்ளை, தந்தையார்க்கு என்ன தொழில் என்று முதல் நாளே வினவுவது நமக்கு வழக்கமாயிற்று. வினவும் நமக்கு அஃது உபசாரம். விடை கூற வேண்டிய பிள்ளைக்கோ அதுவே பெருஞ்சோதனை. எப்புத்தகத்திலும் எழுதப்படாத இவ்வழக்கம், எழுதிய சட்டத்தினும் வலியது. உபாத்தியாயராகிய நாம் பாடத்தில் தவறுவோரை எளிதில் அறிகின்றோம். மணி அடிக்கும்வரை புறத்தே நிற்போரை அறிகின்றோமா?

சங்கத்து அன்பர்காள், நம் மக்கள் பள்ளி விட்டு வந்ததும், எத்தனை மதிப்பெண் பெற்றாய் என்று கேட்குமுன், இன்று யாரோடு விளையாடினாய், யாரை விட்டுவிட்டாய் என்று கேட்போமாக. அப்பெரியவர்க்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை அதுவே.