பந்தயக் காரை நம் பட்டறைக்குக் கொண்டுவந்த கோவை கரிவரதன்

பாலக்காட்டில் ரெயில் ஏறி வாளையாறு, மதுக்கரை தாண்டினால் போத்தனூர். அதற்குத் தெற்கே செட்டிபாளையம். பந்தய நாட்களில் அந்தப் பக்கம் போகிறவர்களின் காதில் முதலில் விழுவது என்ஜின்களின் உறுமல்தான். அங்கே சுமார் 2.1 கிலோ மீட்டர் நீளத்தில் ஒரு மோட்டார் பந்தய மைதானம் இருக்கிறது. பெயர், கரி மோட்டார் ஸ்பீட்வே. 2003-ம் ஆண்டு திறக்கப்பட்டது.

கரி என்றதும் அடுப்புக் கரி நினைவுக்கு வரலாம். அது ஒரு மனிதரின் பெயர். முழுப்பெயர் எஸ்.கரிவரதன். கஞ்சிக்கோட்டில் லேத் பிடிக்கும் நம்மவர்களும், மூணாறு மலைப்பாதையில் ஜீப் ஓட்டும் நம்மவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

ஆலைக் குடும்பத்துப் பிள்ளை

கோவையில் 1910-ல் லட்சுமி மில்லைத் தொடங்கியவர் ஜி.குப்புசாமி நாயுடு. அந்தக் குடும்பத்தில் 1954-ம் ஆண்டு பிறந்தவர் கரிவரதன். நூற்பு எந்திரங்களின் ஓசையைக் கேட்டு வளர்ந்தவரின் மனம் மோட்டார் என்ஜின் பக்கம் திரும்பியது.

அந்த நாளில் தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயம் என்றால் சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. சென்னைக்கு வடக்கே, வெயில் கொளுத்தும் பொட்டல். 1953-ல் அமைந்த சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயங்களை நடத்தி வந்தது. அம்பாசிடரும் பியட்டும் புல்லட்டும் சீறிப் பாய, கூட்டம் அலை மோதும். அந்தச் சோழவரம் கண்டெடுத்த ஓட்டுநர்களில் கரிவரதனும் ஒருவர்.

ஆனால் உண்மையான பந்தயக் கார், அதாவது ஒரே ஆள் உட்காரும் திறந்த சக்கர வண்டி, வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். இறக்குமதி லைசென்சு, அதன் மேல் சுங்க வரி. காரை வரவழைத்துவிட்டாலும் ஓர் உதிரி பாகம் உடைந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் பந்தயம் பெரும் பணக்காரர்களின் விளையாட்டாகவே இருந்தது. திறமை இருந்தும் பணமில்லாத பையன் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

எண்ணெய்க்கு இரண்டு பம்ப்

அந்த வெளிநாட்டுக் கார்கள் ஏன் அத்தனை விலை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். அது என்ஜின் ஆயில் விஷயம்.

சாதாரணக் காரில் ஆயில், என்ஜினுக்கு அடியில் உள்ள சம்ப் என்னும் தொட்டியில் கிடக்கும். ஒரு பம்ப் அதை உறிஞ்சி மேலே அனுப்பும். நாம் பஸ்ஸில் தூக்குப் பாத்திரத்தில் சாம்பார் கொண்டு போகிறோம். மலை வளைவில் பஸ் திரும்பினால் சாம்பார் ஒரு பக்கம் ஏறி நிற்கிறது அல்லவா? பந்தயக் கார் வேகமாக வளைவில் திரும்பும்போது சம்பில் உள்ள ஆயிலும் அப்படித்தான் ஒதுங்கும். வேகம் மிகுந்தால் ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி கூடச் சாய்ந்துவிடும். அந்த நேரத்தில் பம்பின் வாயில் ஆயிலுக்குப் பதில் காற்று நுழைந்தால், சில விநாடிகளில் பேரிங் காய்ந்து கிராங்க் ஷாப்ட் பிடித்துக்கொள்ளும். என்ஜின் போனது போனதுதான்.

இதைத் தடுக்க வந்த ஏற்பாடுதான் டிரை சம்ப். அடித்தொட்டியில் ஆயிலைத் தங்கவே விடுவதில்லை. விழுகிற ஆயிலைத் தனிப் பம்புகள் உடனுக்குடன் உறிஞ்சி, உயரமான தனி டாங்கிக்கு அனுப்பும். ஆயிலோடு காற்றும் கலந்து வருவதால், இந்தப் பம்புகளின் கொள்ளளவு அழுத்தப் பம்பை விட அதிகமாக இருக்க வேண்டும். டாங்கியில் காற்று பிரிந்தபின், சுத்தமான ஆயிலை இன்னொரு பம்ப் என்ஜினுக்குத் தரும். இதில் வேறு லாபமும் உண்டு. கிராங்க் ஷாப்ட் ஆயிலில் அளைந்து சக்தியை வீணாக்காது. அடித்தொட்டி ஆழம் குறைவதால் என்ஜினைத் தரையை ஒட்டிப் பொருத்தலாம். கார் வளைவில் நிலையாக நிற்கும். 1967-ல் வந்து உலகப் பந்தயங்களை ஆண்ட காஸ்வொர்த் என்ஜினில் இந்த முறைதான்.

நமக்குத் தெரிந்த வண்டியிலும் இது உண்டு. 1955 முதல் சென்னையில் உருவான பழைய புல்லட்டில் ஆயிலை அனுப்ப ஒரு பம்ப், திருப்பி எடுக்க ஒரு பம்ப். ஆயில் டாங்கி என்ஜின் கூட்டுக்குள்ளேயே ஓர் அறையாக இருக்கும். ஆனால் கார் பந்தயத்துக்கான பம்ப், டாங்கி, குழாய் எல்லாம் சேர்ந்தால் செலவு மலைக்க வைக்கும்.

மாருதி என்ஜினில் பந்தயக் கார்

கரிவரதன் வெளிநாட்டுக் கார் வாங்கக்கூடிய வசதி படைத்தவர். அதோடு அவர் நின்றிருந்தால் இன்று அவரைப் பற்றி எழுத வேண்டியதில்லை. கோவையில் சூப்பர் ஸ்பீட்ஸ் என்ற அமைப்பின் மூலம் பந்தயக் கார்களை இங்கேயே உருவாக்கினார்.

1983 டிசம்பரில் மாருதி 800 கார் சாலைக்கு வந்தது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ஜின். டிரை சம்ப் இல்லாத, குடும்பத்துடன் கோவிலுக்குப் போய்வரும் காரின் என்ஜின் அது. இரும்புக் குழாய்ச் சட்டத்தில் அந்த என்ஜினை ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் பொருத்தி, பார்முலா மாருதி என்னும் பந்தயக் காரைக் கரிவரதன் உருவாக்கினார்.

சக்தி குறைவுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே என்ஜின். ஆகவே வெற்றியைத் தீர்மானித்தது பணப்பை அல்ல, ஓட்டும் கை. உதிரி பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைத்தது. பழுது பார்க்க நம் ஊர் மெக்கானிக்கே போதும். பந்தயம் இலவசமாகிவிடவில்லை என்பது உண்மை. என்றாலும் வேலிக்கு வெளியே நின்ற சிலருக்காவது கதவு திறந்தது.

பாதியில் நின்ற ஓட்டம்

1995-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சிறிய விமானம் ஒன்று விபத்துக்குள்ளானதில் கரிவரதன் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 41.

அவர் கண்ணால் காணாதது நிறைய. பார்முலா மாருதியில் பந்தயம் பழகிய கோவைப் பிள்ளை நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஜோர்டான் அணிக்காகக் களம் இறங்கி, பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். செட்டிபாளையம் மைதானத்தையும் கரிவரதன் பார்க்கவில்லை. அவருக்குப் பின் நண்பர்கள் அதை அமைத்து அவர் பெயரையே வைத்தார்கள்.

எட்டாத பொருளுக்கு ஏங்கி நிற்காமல், கைக்கு எட்டிய என்ஜினை வைத்து வேலையைத் தொடங்கினார் கரிவரதன். பட்டறையில் கரி படிந்த கையோடு நிற்கும் நம் பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது, ஒரு பந்தய நாளில் செட்டிபாளையத்தையும் பார்த்து வரலாம்.