அபின் பணத்தில் அச்சேறிய அறநூல்கள்

மதம் பரப்பச் சீனம் சென்றார் ஒரு பாதிரியார். சென்றவர், சீனத்து அறிவைச் சுமந்துகொண்டு சொந்த நாடு திரும்பினார். அந்நாட்டின் பழம்பெரும் பல்கலைக்கழகத்திலே சீன மொழிக்கு முதல் பேராசிரியராக அமர்ந்தார். ஜேம்ஸ் லெக் என்பது அவர் பெயர். திருக்குறளை ஆங்கிலத்தில் தந்த போப்பையர் 1884 முதல் ஆக்ஸ்போர்டிலே தமிழ் கற்பித்தாரே, அதே ஊரிலே, அதே ஆண்டுகளிலே சீனம் கற்பித்துக்கொண்டிருந்தவர் இவர். போப்பை நாம் அறிவோம். லெக்கை அறிந்தோர் நம்மிலே மிகச் சிலர்.

ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலே ஹன்ட்லி என்றொரு சிற்றூர். 1815 டிசம்பர் 20-ல் அவ்வூர்த் துணி வணிகர் ஒருவரின் வீட்டிலே பிறந்தார். அபர்தீன் கிங்ஸ் கல்லூரியிலே படித்து, லத்தீனில் வல்லவர் என்று பெயரெடுத்தார். அரசின் ஆதரவு பெற்ற திருச்சபையிலே சேர்ந்துவிட்டால் அங்கேயே ஆசிரியராகலாம், நாளடைவில் லத்தீன் பேராசிரியர் பதவியும் கிட்டும் என்று ஆசை காட்டினர். அவர் குடும்பமோ அச்சபைக்கு வெளியே நின்ற குடும்பம். பதவிக்காகத் தந்தையின் கொள்கையை விற்பதா என்று மறுத்துவிட்டார் அந்த இளைஞர். இளம் வயதிலே பதவியை உதறுவது எளிது என்பாரும் உண்டு. எளிதா அல்லவா என்பதைப் பதவி தேடி அலைந்தவரைக் கேட்டால் தெரியும்!

சீனம் செல்ல முடிவு செய்தார். ஆனால் சீன மொழி கற்க இங்கிலாந்திலே அன்று இருந்த வசதி என்ன? லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியிலே சாமுவேல் கிட் என்ற ஒரே பேராசிரியர். 1837-ல் அவருக்குத் தரப்பட்ட பதவிக்கு ஐந்தாண்டுத் தவணை. தவணை தீர்ந்தது, பதவியும் தீர்ந்தது! மாரிசன் பாதிரியார் சீனத்திலே அரும்பாடுபட்டுச் சேர்த்த ஏறத்தாழ 10,000 நூல்கள் அக்கல்லூரி அலமாரியிலே உறங்கலாயின. உலகெங்கும் கப்பல் விட்ட நாடு, கோடானுகோடி மக்கள் பேசும் மொழிக்கு ஒரு வாத்தியாரை வைத்துக் காப்பாற்ற மனமின்றி இருந்தது. அந்தக் கிட்டிடம் சில மாதம் எழுத்துக் கற்றுக்கொண்டு, 1839-ல் புதுமனைவியுடன் கப்பலேறினார் லெக். மலாக்கா சேர்ந்தது 1840 ஜனவரியில்.

அதே நாட்களிலேதான் அபின் யுத்தம். அபின் வேண்டாம் என்றது சீனம். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றது பீரங்கி. 1842 உடன்படிக்கையிலே ஹாங்காங் பறிபோயிற்று. மறு ஆண்டு லெக் தம் கல்லூரியோடு அத்தீவுக்குக் குடிபெயர்ந்தார். அவரும் அந்தப் பீரங்கி திறந்துவிட்ட வாயில் வழியேதான் நுழைந்தார். இதை மறைத்து அவரைப் புகழ வேண்டிய தேவை நமக்கில்லை.

ஆனால் மற்றப் பாதிரிமார் செய்யாத ஒன்றை அவர் செய்தார். ஒரு மக்களுக்கு ஏதேனும் சொல்ல வேண்டுமானால், முதலில் அம்மக்கள் எதைப் படித்து வளர்ந்தார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தார். கன்பூசியர், மென்சியசு நூல்களையும், பழம்பாடல்களையும், அரச வரலாறுகளையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதியே சீனத்திலே அரசுப் பணி ஏறினர். அந்நூல்களை மூலத்தோடும் உரையோடும் ஆங்கிலத்தில் தருவதென்று துணிந்தார். விடியுமுன் மூன்று மணிக்கே எழுந்து விளக்கேற்றி உட்காருவார். பகலெல்லாம் கோயிலும் பள்ளியும் அச்சகமும். 1852-ல் மனைவி ஹாங்காங்கிலேயே இறந்தார். விளக்கு அணையவில்லை. 1861-ல் முதல் இரு தொகுதிகள் வந்தன, 1872-க்குள் ஐந்து.

அச்சுச் செலவு யார் கொடுத்தார்? இங்கேதான் வேடிக்கை. ஜோசப் ஜார்டின் என்ற வணிகர். அபினை மூட்டை மூட்டையாகச் சீனத்திலே இறக்கிச் செல்வம் குவித்த ஜார்டின் மாதிசன் கம்பெனியின் சீமான்! அவர் இறந்தபின் தம்பி ராபர்ட் கொடுத்தார். ஒரு கையால் நஞ்சு விற்றவர்கள், மறு கையால் அந்நாட்டு அறநூலுக்குக் காகிதம் வாங்கித் தந்தார்கள். லெக் அந்தப் பணத்தை வாங்கினார். அபின் வாணிபத்தை எதிர்த்தும் நின்றார், அதை ஒழிக்க இங்கிலாந்திலே எழுந்த சங்கத்திலும் சேர்ந்தார். முரண்தான். பணம் வேண்டாம் என்றிருந்தால் நூல்கள் அச்சேறியிரா.

இன்னொருவரைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. வாங் தாவ் என்ற சீனப் புலவர். தைப்பிங் கிளர்ச்சியாளருடன் தொடர்பு என்ற பழிக்கு அஞ்சி 1862-ல் ஹாங்காங்குக்குத் தப்பி வந்தவர். நூற்றுக்கணக்கான உரைகளைத் தேடி, தொகுத்து, குறிப்பெடுத்து லெக்கின் மேசையிலே வைத்தவர் அவர். லெக் தாயகம் சென்றபோது ஸ்காட்லாந்துக்கே அழைக்கப்பட்டு, 1870 வரை உடனிருந்து உழைத்தார். முன்னுரையிலே லெக் நன்றி கூறினார், மறுக்கவில்லை. எனினும் அட்டையிலே ஒரே பெயர்தான். அந்த வாங் தாவ் பின்னர் மிஷன் அச்சகத்தையே விலைக்கு வாங்கி, 1874-ல் சொந்த நாளேடு தொடங்கி, சீனத்துக்குச் சீர்திருத்தம் வேண்டுமென்று தலையங்கம் தீட்டினார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

1873-ல் தாயகம் திரும்புமுன் லெக் பீகிங் சென்றார். சீனப் பேரரசர்கள் வழிபட்ட விண் கோயிலின் பளிங்குப் பீடத்திலே, காலணியைக் கழற்றிவிட்டு ஏறினார். புறச்சமயத்தார் இடத்திலே இந்த மரியாதையா என்று பாதிரிமார் சிலர் கொதித்தனர். கன்பூசிய நெறியிலும் ஏற்கத்தக்கவை உண்டு என்ற அவருடைய கட்டுரை 1877 ஷாங்காய் மாநாட்டிலே படிக்கப்பட்டது. மாநாட்டு அறிக்கையிலோ இடம் பெறவில்லை.

ஆக்ஸ்போர்டிலே 1876-ல் சீனப் பேராசிரியர் பதவி பிறந்ததும் வணிகர்கள் திரட்டிய பணத்தால்தான். துறைமுகத்துக்குத் துபாஷி வேண்டும், தூதரகத்துக்கு அதிகாரி வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அரசுச் சபையை ஏற்காதாருக்கு அங்கே கல்லூரிப் பதவிக் கதவு 1871 சட்டத்தால்தான் திறந்தது. லத்தீனுக்காகக் கொள்கையை விற்க மறுத்தவர், கொள்கையோடு சீனத்துக்குப் பேராசிரியரானார்! மாணவர் கூட்டம் அலைமோதவில்லை. இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்ற கேள்வி அன்றும் இருந்தது. லத்தீனும் கிரேக்கமும் கோலோச்சிய இடத்திலே, விரல்விட்டு எண்ணத்தக்க மாணவர்க்கு அவர் ஒவ்வோர் எழுத்தாகக் கற்பித்தார். வணிகர் கேட்டது துபாஷி. அவர் கொடுத்தது கன்பூசியரும் லாவோ சீயும்.

1877-ல் லண்டனுக்கு வந்த முதல் சீனத் தூதர் குவோ சுங்தாவ், லெக்கைச் சந்தித்தபோது கேட்டாராம்: ஒழுக்கத்தில் உயர்ந்தது எந்த நாடு, சீனமா இங்கிலாந்தா என்று. இங்கிலாந்துதான் என்றார் லெக், தாய்நாட்டுப் பாசத்தோடு. அப்படியானால் உங்கள் நாடு எங்கள்மீது அபினைத் திணிப்பானேன் என்று திருப்பிக் கேட்டார் தூதர். லெக்கிடம் விடையில்லை. இதைப் பின்னர் ஊருக்குச் சொன்னவரும் லெக்கேதான்!

1861 பதிப்பிலே, கன்பூசியரைப் பெரியவர் என்று தம்மால் கருத முடியவில்லை என்று எழுதியிருந்தார். 1893-ல் மறுபதிப்பு வந்தபோது அந்த இடத்தை மாற்றினார். படிக்கப் படிக்க மதிப்பு உயர்ந்தது, கன்பூசியர் மிகப் பெரியவர் என்று திருத்தினார். முப்பத்திரண்டு ஆண்டுப் படிப்பு செய்த வேலை அது.

1897 நவம்பர் 29-ல், 81-ஆம் வயதிலே, ஆக்ஸ்போர்டிலேயே மறைந்தார். அவர் இடத்துக்கு 1899-ல்தான் ஆள் வந்தது. சீனத்தை முதன்மைப் பாடமாக எடுத்துச் சிறப்புப் பட்டம் பெறும் படிப்பு அங்கே 1939-ல் வந்தது. அபின் கம்பெனியின் காகிதத்திலே அச்சான அந்த ஐந்து தொகுதிகளும் இன்றும் மறுபதிப்பாகின்றன.