கே. எஸ். கிருஷ்ணன்

கே. எஸ். கிருஷ்ணன் என அறியப்படும் கரியமாணிக்கம் ஸ்ரீநிவாச கிருஷ்ணன் (டிசம்பர் 4, 1898 – ஜூன் 14, 1961) தமிழ்நாட்டில் பிறந்த இயற்பியலாளர் ஆவார். சி. வி. இராமனுடன் இணைந்து இராமன் விளைவைக் கண்டறிந்த ஆய்வில் பங்கேற்றவர். படிகங்களின் காந்தப் பண்புகளை அளவிடுவதில் உலக அளவில் முன்னோடியாகத் திகழ்ந்தவர். புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர். இராமன் விளைவு பற்றிப் பேசும்போது மட்டும் இவர் பெயர் நினைவுகூரப்படுவது வழக்கம். ஆயினும் இவருடைய அறிவியல் வாழ்வின் பெரும்பகுதி திண்மப் பொருள்களைப் பற்றிய ஆய்வில் கழிந்தது. இன்று பொருளறிவியல் என வழங்கும் துறையின் அடிப்படை வினாக்கள் பலவற்றை இவர் 1930-களிலேயே எடுத்துக்கொண்டார்.

இளமையும் கல்வியும்

கிருஷ்ணன் இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பு என்னும் ஊரில் பிறந்தார். இவ்வூர் பேச்சு வழக்கில் வத்றாப் எனப்படும். தந்தையார் வேளாண்மையில் ஈடுபட்டவர். தமிழிலும் வடமொழியிலும் புலமை உடையவர். அவ்விரு மொழிகளின் மீதும் கிருஷ்ணனுக்கு இருந்த பற்று இறுதிவரை குறையவில்லை. வத்திராயிருப்பிலும் திருவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வி பயின்றபின், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் படித்தார். பட்டம் பெற்றதும் கிறித்தவக் கல்லூரியிலேயே வேதியியல் செய்முறை விளக்குநராகப் பணியில் சேர்ந்தார். பகல் உணவு இடைவேளையில் மாணவர்கள் எந்த ஐயத்தையும் எழுப்பலாம் என்ற முறையில் இவர் நடத்திய உரையாடல்கள் அங்கு பெயர் பெற்றவை.

1920-ஆம் ஆண்டு வேலையை விட்டுவிட்டு, இராமனிடம் பயிலும் நோக்கத்துடன் கல்கத்தா சென்றார். 1923-இல் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இராமனின் ஆய்வுத் துணைவராகச் சேர்ந்தார்.

ஒளிச்சிதறலும் தூசியும்

அக்காலத்தில் இராமனின் குழு நீர்மங்களிலும் வளிமங்களிலும் ஒளி எவ்வாறு சிதறுகிறது என்பதை ஆராய்ந்து கொண்டிருந்தது. இவ்வாய்வுக்குப் பெரும் இடையூறாக இருந்தது தூசி. ஓட்டுக் கூரையின் இடுக்கு வழியே இருண்ட அறைக்குள் வெயில் கீற்று விழும்போது, அதன் பாதை முழுவதும் தூசித் துகள்கள் மின்னுவதை யாவரும் கண்டிருப்பர். ஒரு தூசித் துகள் சிதறும் ஒளியோடு ஒப்பிட்டால் மூலக்கூறுகள் சிதறும் ஒளி மிகச் சொற்பம். எனவே மூலக்கூறுகளின் ஒளிச்சிதறலைக் காண வேண்டுமாயின் முதலில் தூசியை அறவே நீக்க வேண்டும். மூடிய கண்ணாடிக் குமிழ்களில், வெற்றிடத்தில், நீர்மத்தைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தெடுப்பதே அதற்குரிய வழி. கிருஷ்ணன் இவ்வாறு 65 நீர்மங்களைத் தூய்மை செய்து ஆராய்ந்து, 1925-இல் அதன் முடிவுகளை வெளியிட்டார்.

1923-இல் கே. ஆர். இராமநாதன் நீரில் ஒரு வியப்பான செய்தியைக் கவனித்திருந்தார். சிதறிய ஒளியில், படும் ஒளியின் நிறத்திலிருந்து வேறுபட்ட மிக மங்கலான ஒளி ஒன்றும் கலந்திருந்தது. நீர்மத்தில் எஞ்சிய அழுக்கே இதற்குக் காரணம் என முதலில் கருதப்பட்டது. ஆனால் எவ்வளவு தூய்மை செய்தாலும் அது மறையவில்லை. 1924-இல் கிருஷ்ணனும் வேறு பல நீர்மங்களில் இதனைக் கண்டார். எனினும் ஒரு திட்டவட்டமான விளக்கம் அப்போது கிட்டவில்லை.

இராமன் விளைவு

அதற்குப்பின் சில ஆண்டுகள் கிருஷ்ணன் பெரும்பாலும் கோட்பாட்டு ஆய்விலேயே ஈடுபட்டிருந்தார். அறிவியலாளர் நெடுங்காலம் செய்முறையை விட்டு விலகியிருப்பது நல்லதன்று என்று இராமன் கூறியதால், 1928 பெப்ரவரித் தொடக்கத்தில் மீண்டும் சோதனைக் கூடத்துக்கு வந்தார். அம்மாதத்தின் நிகழ்வுகளைக் கிருஷ்ணன் நாட்குறிப்பில் எழுதி வைத்துள்ளார். இராமன் விளைவு எவ்வாறு படிப்படியாகப் புலப்பட்டது என்பதை அறிய இந்நாட்குறிப்பே இன்று முதன்மையான சான்று.

சோதனைக்குரிய கருவிகள் மிக எளியவை. ஒளி மூலம் சூரியன். 18 செ.மீ. விட்டமும் 230 செ.மீ. குவியத் தொலைவும் கொண்ட ஒரு தொலைநோக்கி வில்லை சூரிய ஒளியைக் குவித்தது. இரண்டாவது சிறிய வில்லை அதனை மேலும் செறிவாக்கித் தூய நீர்மத்தினுள் செலுத்தியது. ஒளி வரும் வழியில் நீல ஊதா நிற வடிகட்டி ஒன்றும், பார்ப்பவரின் கண்ணுக்கு முன் மஞ்சள் பச்சை நிற வடிகட்டி ஒன்றும் வைக்கப்பட்டன. முதல் வடிகட்டி விடும் நிறத்தை இரண்டாவது தடுத்துவிடும். ஆகவே நிறம் மாறாமல் சிதறும் ஒளி கண்ணை எட்டாது. எதுவும் தெரியாமல் இருட்டாக இருக்க வேண்டும். ஆனால் ஒளியின் தடம் தெரிந்தது. அப்படியாயின் நீர்மத்தினுள் ஒளியின் நிறமே மாறியிருக்க வேண்டும். இவ்வாறு தோன்றிய ஒளி பெருமளவு முனைவாக்கம் பெற்றிருந்ததால், இது சாதாரண ஒளிர்வன்று, புதுவகைச் சிதறல் என்பது தெளிவாயிற்று. பெப்ரவரி 28 அன்று நிறமாலைநோக்கி வழியே நோக்கியபோது, மூல ஒளியிலிருந்து பிரிந்து நின்ற புதிய ஒளிப்பகுதி காணப்பட்டது. மூலக்கூறின் அதிர்வுகளுக்கு ஒளி தன் ஆற்றலில் ஒரு பகுதியைக் கொடுப்பதோ, அவற்றிலிருந்து பெறுவதோ இந்நிற மாற்றத்துக்குக் காரணம். அந்த நாளே 1987 முதல் இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இக்கண்டுபிடிப்பின் முதல் அறிவிப்பு 1928 மார்ச் 31 நாளிட்ட நேச்சர் இதழில் இராமன், கிருஷ்ணன் இருவர் பெயரிலும் வெளிவந்தது. ஏப்ரல் 21 இதழில் வந்த இரண்டாவது குறிப்பு இராமன் பெயரில் மட்டும் இருந்தது. மே 5 இதழில் வந்த மூன்றாவது மீண்டும் இருவர் பெயரிலும் அமைந்தது. மார்ச் 16 அன்று பெங்களூரில் இராமன் ஆற்றிய நெடிய உரையும் தனியே அச்சிடப்பட்டது. 1930-ஆம் ஆண்டுக்குரிய இயற்பியல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. பரிசில் கிருஷ்ணனுக்கும் பங்கு கிடைத்திருக்க வேண்டுமா என்ற விவாதம் இன்றுவரை ஓயவில்லை. ஆய்வுத் திட்டம் இராமனுடையது. 1921 முதலே அவர் அதனை நடத்தி வந்தார். தீர்க்கமான வாரங்களில் சோதனையைக் கையாண்டவர் கிருஷ்ணன். இவ்விரண்டுமே உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்போரே இரு தரப்பிலும் மிகுதி. நோபல் உரையில் இராமன் கிருஷ்ணனின் பணியைக் குறிப்பிட்டுள்ளார். கிருஷ்ணனோ தமக்குரிய பங்கைப் பற்றிப் பொதுவில் வழக்காடியவர் அல்லர்.

டாக்காவில்: படிகங்களின் காந்தப் பண்பு

நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்கு முன்பே, 1928-ஆம் ஆண்டின் இறுதியில் கிருஷ்ணன் கல்கத்தாவை விட்டு டாக்கா பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியராகச் சேர்ந்தார். அப்போது அங்கு இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் சத்யேந்திர நாத் போஸ். ஒளிச்சிதறலில் உலகமே ஆர்வம் கொண்டிருந்த நேரத்தில் கிருஷ்ணன் அதனை விட்டு முற்றிலும் வேறொரு துறைக்குச் சென்றது குறிப்பிடத்தக்கது.

படிகம் ஒன்றினுள் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. ஆகவே அதன் பண்புகள் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. காந்தப் பண்பும் அவ்வாறே. இத்திசை வேறுபாட்டை அளப்பது கடினம். நல்ல படிகங்கள் பெரும்பாலும் சில மில்லிகிராம் எடைக்கு மேல் கிடைப்பதில்லை. கிருஷ்ணனும் அவருடைய மாணவர்களும் இதற்கு வகுத்த முறை மாறுநிலை முறுக்கு முறை எனப்படும். மெல்லிய குவார்ட்சு இழை ஒன்றில் படிகத்தைத் தொங்கவிட்டுச் சீரான காந்தப் புலத்தில் வைப்பர். படிகம் தனக்கு உகந்த திசையில் நிலைகொள்ளும். பின்னர் இழையின் மேல்முனையை மெல்லத் திருகுவர். படிகம் சிறிது சிறிதாகத் திரும்பும். காந்தப்புலம் அதனைப் பழைய நிலைக்கு இழுக்கும். படிகம் 45 பாகை திரும்பும் வரையே இந்த இழுப்பு வலுக்கும். அதனைக் கடந்ததும் படிகம் திடீரெனப் புரண்டு சுழலும். எவ்வளவு திருகியபோது அது புரண்டது என்ற ஒரே கோண அளவிலிருந்து காந்தத் திசை வேறுபாட்டைக் கணக்கிட்டுவிடலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

பி. சி. குகா, எஸ். பானர்ஜி ஆகியோருடன் இவர் எழுதிய இவ்வாய்வுத் தொடரின் முதற்பகுதி 1933-இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளிவந்தது. அந்துருண்டையில் பயன்படும் நாப்தலீன் போன்ற கரிமப் படிகங்களில் மூலக்கூறுகள் தட்டையானவை. அத்தட்டையின் தளத்துக்குச் செங்குத்தான திசையில் அவற்றின் டயா காந்தப் பண்பு மிகுதி. ஆகவே படிகத்தின் காந்தப் பண்பை அளந்தால், உள்ளே மூலக்கூறுகள் எப்பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்பதை அறியலாம். ஊடுகதிர்ச் சோதனையால் படிக அமைப்பைக் கண்டறிவது அந்நாளில் நீண்ட உழைப்பைக் கோரியது. கிருஷ்ணனின் முறை அதற்கு உற்ற துணையாயிற்று. ஊடுகதிர்ப் படிகவியலில் புகழ்பெற்ற கேத்லீன் லான்ஸ்டேலும் கிருஷ்ணனும் 1936-இல் இது குறித்துக் கூட்டாகக் கட்டுரை வெளியிட்டனர்.

மீண்டும் கல்கத்தா

1933-இல் இராமன் பெங்களூர் சென்றபின், கிருஷ்ணன் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இங்கு என். கங்குலியுடன் சேர்ந்து கிராஃபைட்டை ஆராய்ந்தார். பென்சில் முனையில் உள்ள இக்கரிப்பொருள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. ஏட்டின் வழியே மின்சாரம் எளிதாகப் பாய்கிறது. ஏடுகளுக்குக் குறுக்கே பாய்வதற்குப் பல ஆயிரம் மடங்கு தடை இருப்பதை 1939-இல் இவர்கள் அளந்து காட்டினர். கிராஃபைட்டின் ஓர் ஏட்டை மட்டும் பிரித்தெடுத்த கிராஃபீன் ஆய்வுக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கு ஒரு செய்தியைச் சொல்லலாம். நகரங்களில் ஊர்திப் புகையோடு வெளிவரும் கரித்துகள்களில் கிராஃபைட் போன்ற ஒழுங்கு எவ்வளவு உள்ளது என்பதை இன்று இராமன் நிறமாலை கொண்டே ஆராய்கின்றனர். கிருஷ்ணன் தம் சோதனையிலிருந்து விலக்கப் பாடுபட்ட தூசியே இன்று அதே சிதறலால் ஆராயப்படும் பொருளாகிவிட்டது.

1937-இல் இங்கிலாந்து சென்று கேவண்டிஷ் ஆய்வகத்திலும் அரச நிறுவனத்திலும் உரையாற்றினார். 1940-இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அலகாபாத்

1942-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரானார். போர்க்காலமாதலால் கருவிகள் கிடைப்பது அரிதாயிற்று. கோட்பாட்டு ஆய்வே பெரும்பாலும் நடைபெற்றது. உருகிய உலோகத்தில் அணுக்கள் படிகத்தில் போல் அடுக்காக இல்லை எனினும், அருகருகே உள்ள அணுக்களிடையே ஓரளவு ஒழுங்கு உண்டு. ஊடுகதிர்கள் அவ்வொழுங்கினால் சிதறுவது போலவே மின்னணு அலைகளும் சிதறுகின்றன என்று கொண்டு, ஏ. பி. பாட்டியாவுடன் 1945-இல் உருகிய உலோகங்களின் மின்தடைக்கு விளக்கம் தந்தார். இதே அடிப்படை 1961-இல் ஜான் சைமனின் புகழ்பெற்ற கோட்பாட்டில் விரிவாக வளர்ந்தது. 1946-இல் பிரித்தானிய அரசு இவருக்கு சர் பட்டம் அளித்தது.

தேசிய இயற்பியல் ஆய்வகம்

தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு ஜவகர்லால் நேரு 1947 ஜனவரி 4 அன்று அடிக்கல் நாட்டினார். அதே ஆண்டு கிருஷ்ணன் அதன் முதல் இயக்குநராக நியமிக்கப்பட்டார். கட்டடத்தை 1950 ஜனவரி 21 அன்று சர்தார் படேல் திறந்து வைத்தார்.

நாட்டின் அளவைத் தரங்களைக் காப்பது இவ்வாய்வகத்தின் முதற்கடமை. அன்றைய இந்தியாவில் சேர், மணங்கு, தோலா, பலம் என ஊருக்கு ஊர் வெவ்வேறு எடைகள் வழங்கி வந்தன. 1956-இல் எடை, அளவைத் தரச் சட்டம் நிறைவேறியபின் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கிலோகிராமின் பன்னாட்டு மூலப்படியின் 57-ஆம் எண் கொண்ட நகல் இந்தியாவின் தேசியத் தரமாக இங்கு வைக்கப்பட்டது. 2019-இல் கிலோகிராமின் வரையறை மாறும் வரை அனைத்து எடைகளுக்கும் அதுவே அடிப்படை. காற்றின் மாசையும் புகைபோக்கிகளிலிருந்து வெளியேறும் மாசையும் அளக்கும் கருவிகளுக்குச் சான்றளிக்கும் பொறுப்பும் 2019-இல் இவ்வாய்வகத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

பயன்முறை இயற்பியலிலும் கிருஷ்ணன் கருத்துச் செலுத்தினார். விறகுக்கும் சாண வறட்டிக்கும் மாற்றாகச் சூரிய அடுப்பு ஒன்று 1950-களில் இங்கு உருவாக்கப்பட்டது. பெரிதும் பேசப்பட்ட அவ்வடுப்பு மக்களிடையே பரவவில்லை. வெயிலில் நின்று சமைக்க வேண்டும், மாலைச் சமையலுக்கு உதவாது என்னும் குறைகளை ஆய்வகத்தார் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. தேர்தலில் விரலில் இடப்படும் அழியா மையும் இவ்வாய்வகத்தின் ஆக்கமே. 1962 பொதுத் தேர்தலில் அது பயன்படுத்தப்பட்டபோது கிருஷ்ணன் உயிருடன் இல்லை.

நிருவாகப் பணிகளுக்கிடையிலும் இவர் ஆய்வை விடவில்லை. சூடேறிய பொருளிலிருந்து மின்னணுக்கள் வெளியேறுவதை அளக்க, எஸ். சி. ஜெயினுடன் சேர்ந்து ஒரு புதிய முறையைக் கையாண்டார். உட்குழிவான கிராஃபைட் பாத்திரத்தைச் சூடாக்கி, அதிலுள்ள சிறு துளை வழியே வெளிவரும் மின்னணுக்களை அளப்பது அம்முறை. பொருளின் மேற்பரப்பு எத்தன்மையது என்ற சிக்கல் இதனால் பெரிதும் நீங்கிற்று.

1948-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஆணையத்தில் ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர் ஆகியோருடன் இவரும் உறுப்பினராக இருந்தார். 1949-இல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1954-இல் பத்ம பூஷண் விருதும், 1958-இல் முதன்முறையாக வழங்கப்பட்ட சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசும் பெற்றார்.

தமிழ் ஈடுபாடு

தமிழ், வடமொழி இலக்கியங்களில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். தமிழில் அறிவியல் கட்டுரைகள் எழுதியுள்ளார். விளையாட்டில், குறிப்பாக டென்னிசிலும் கால்பந்திலும் ஆர்வம் கொண்டவர்.

மறைவு

1961 ஜூன் 14 அன்று, இயக்குநர் பொறுப்பில் இருந்தபோதே, மாரடைப்பால் புது தில்லியில் காலமானார். தில்லியின் பூசா பகுதியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் அமைந்துள்ள சாலைக்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது.